ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் முட்டி

சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கிவிட்டால் எங்கள் துறையின் மாடிப்படிகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். வார இறுதியில் நல்லதண்ணிப் பக்கமாக மலையேறித் திரும்பிய மாணவர்கள் திங்கட்கிழமை கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குவார்கள். ஓரிருவர் யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு பின்புறமாகவே இறங்குவதும் உண்டு. அதே படிகளில் ஏறுவதற்கு அவர்கள் அவ்வளவு சிரமப்படுவதில்லை. தசை நீண்டபடியே வேலை செய்வதைப் பற்றிய விரிவுரையை நான் அந்த வாரத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். உதாரணங்கள் தாமாகவே நொண்டிக்கொண்டு வகுப்பறைக்குள் வந்து சேர்ந்துவிடுவதால் முன்னுரை எதுவும் தேவைப்படுவதில்லை.

நரம்புத்தசை உடற்றொழிலியலில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். எங்கள் தோட்டத்து உறவினர்களில் பாதிப்பேர் என்னை உடற்பயிற்சி டீச்சர் என்றும் மீதிப்பேர் நரம்பு டொக்டர் என்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை என்று திருத்திச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன். மூளையிலிருந்து முண்ணாண் வழியாக வரும் ஒரு கட்டளை எப்படித் தசையின் விசையாக மாறுகிறது, அந்த விசை களைப்பிலும் பயிற்சியிலும் முதுமையிலும் எப்படி மாறுகிறது என்று அளந்து பார்ப்பதே என் தொழில். அதை விளையாட்டு வீரர்களில் அளந்தால் விளையாட்டு விஞ்ஞானம் என்பார்கள்; நோயாளிகளில் அளந்தால் வேறு பெயர். கொழுந்து பறிக்கும் பெண்களில் அளந்தால் என்ன பெயர் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நான் பிறந்தது மஸ்கெலியாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில். டிசம்பர்ப் போயாவிலிருந்து வெசாக் வரை மலைக்குப் போகும் கூட்டம் எங்கள் பாதையால்தான் போகும். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற, பார்வைக்கு நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் 2,243 மீற்றர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறிவிட்டு, 5,000க்கும் மேற்பட்ட படிகளை இறங்கி முடிக்கும்போது முழங்கால் தள்ளாட, பாலத்தருகே அப்படியே உட்கார்ந்துவிடுவதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்துப் பெண்களும் ஆண்டுக்கொரு முறை அந்த மலைக்குப் போவார்கள். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வழக்கம்போல் நிற்பார்கள். "ஏத்தத்துல மூச்சு, எறக்கத்துல முட்டி" என்று அம்மா சொல்வார். ஆனால் அந்த முட்டிவலி வெளியூர்க்காரர்களுக்கு வருவதுபோல அவருக்கு ஏன் அப்போது வரவில்லை என்று நான் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். தசையில் லக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது, பழகியவர்களுக்கு அது தேங்காது என்று அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் எட்டு ஆண்டுகள் நம்பியிருந்தேன். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு எல்லாப் பாடப்புத்தகங்களும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லின.

ஹட்டனில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்தேன். மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறியது. மலையகத்தில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு என்பதால் நீட்டவில்லை. கிடைத்தது விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பு. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் இன்னும் சில இடங்களிலும் இப்படி ஒரு படிப்பு இருப்பது இன்றைக்குப் பலருக்குத் தெரியும். அன்றைக்கு அப்பாவுக்கு விளங்கவைக்க ஒரு வாரம் எடுத்தது. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, முதல் விரிவுரையில் ஆங்கிலத்தில் வந்து விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் காதால் கேட்டபடி எழுதிக்கொண்டு, இரவில் அகராதியோடு உட்கார்ந்து அவற்றுக்கு உயிர் கொடுத்தேன். முண்ணாண் என்ற சொல்லை அறிந்திருந்த எனக்கு அதன் ஆங்கிலச் சொல் வேறொரு உறுப்பின் பெயராகவே ஒரு மாதம் தோன்றியது.

இரண்டாம் ஆண்டில் நூலகத்தின் பழைய சஞ்சிகைகளுக்கிடையே 1952ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று கையில் அகப்பட்டது. அபொட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் எழுதியது. எதிர்வேலைக்கு உடல் கொடுக்கும் விலை என்பதாக அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகு வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவர், பெடல்கள் தன் காலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வருவதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். சங்கிலி ஒன்றே என்பதால் வேகம் இருவருக்கும் சமம், விசையும் சமம். ஆனால் தடுத்துப் பிடிப்பவர் உள்ளிழுத்த ஒட்சிசன் மிதிப்பவருடையதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது. வேகம் கூடக்கூட அந்த வித்தியாசமும் கூடியது. லண்டன் ரோயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது ஒல்லியான இளம்பெண் ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் தடுத்துப் பிடிக்க, வாட்டசாட்டமான ஆண் மிதித்து மிதித்துக் களைத்துப்போன கதையை எங்கள் துறையில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டிருப்பதைப் பார்த்ததும் எங்கள் தோட்டத்துப் படிகள்தான் கண்முன்னே வந்தன.

தசை என்றால் சுருங்குவது என்றே பாடசாலையில் கற்கிறோம். படியொன்றில் ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது என்பது உண்மைதான். இறங்கும்போது அதே தசை இழுத்துப் பிடித்தபடியே நீளுகிறது. லொறியிலிருந்து உர மூட்டையை இறக்குபவர் அதைத் தொப்பென்று போடாமல் கையைத் தளர்த்தித் தளர்த்தி இறக்குவதுபோல, உடலின் பாரத்தைப் புவியீர்ப்பிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்படைக்கிறது. இப்படி நீளும் தசையால், சுருங்கும்போது தரக்கூடியதைவிட அதிக விசையைத் தாங்க முடியும். சுருங்கும் தசையின் வேகத்துக்கும் விசைக்கும் உள்ள தொடர்பை ஏ. வி. ஹில் 1938இல் சமன்பாடாக எழுதினார். நீளும் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அடுத்த ஆண்டே பேர்னார்ட் காட்ஸ் அளந்து காட்டினார். 1954இல் வெளியான வழுக்கும் இழைக் கோட்பாடு, தசை எப்படிச் சுருங்குகிறது என்பதை அழகாக விளக்கியது. நீளும்போது கிடைக்கும் அந்த மேலதிக விசை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் அது முழுப் பதிலைத் தரவில்லை. டைட்டின் என்ற மிகப்பெரிய புரதம் நீளும் தசைக்குள் ஒரு சுருள்வில்போல இறுகுகிறது என்று இப்போது பலர் வாதிடுகிறார்கள். நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவள்தான்.

அதே 1954இல், பிக்லண்ட் லிப்போல்டுடன் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார். ஒரே அளவு விசைக்கு, நீளும் தசையிலிருந்து வரும் மின்சமிக்ஞை சுருங்கும் தசையிலிருந்து வருவதைவிடச் சிறியது. நரம்பு மண்டலம் அங்கே குறைந்த எண்ணிக்கையான இழைகளையே வேலைக்கு அழைக்கிறது என்பது இதன் பொருள். மூச்சு ஏன் வாங்குவதில்லை என்பதற்கும் மறுநாள் ஏன் வலிக்கிறது என்பதற்கும் விளக்கம் இந்த ஓர் அவதானத்துக்குள்ளேயே இருக்கிறது. நூறு பேர் தூக்க வேண்டிய பாரத்தை நாற்பது பேர் தாங்கினால் சாப்பாட்டுச் செலவு குறையும்; ஆனால் அந்த நாற்பது பேரின் முதுகும் முறியும். (எண்கள் உவமைக்கு மட்டுமே, பரீட்சையில் எழுதிவிடாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவைப்பதுண்டு. அப்படியும் ஒருவர் எழுதினார்.) 1983இல் நியூஹாமும் அவருடைய சகாக்களும் ஆட்களை ஒரு மேடையில் ஏறி இறங்கச் செய்தார்கள். ஒரு கால் எப்போதும் ஏற்றுவதற்கு, மற்றக் கால் எப்போதும் இறக்குவதற்கு. வலித்தது இறக்கிய கால். ஊசியால் எடுத்த தசைத் துணுக்கை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இழைகளின் ஒழுங்கு குலைந்து கிடந்ததும் அந்தக் காலில்தான்.

அப்படியானால் லக்டிக் அமிலம்? அது ஏறும்போதுதான் அதிகம் உண்டாகிறது. வேலை நின்று ஒரு மணித்தியாலம் போல ஆனதும் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. இந்த வலியோ ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்தைத் தொடுகிறது. தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணமாக இருக்கலாம் என்று தியடோர் ஹஃப் 1902இலேயே எழுதிவைத்திருந்தார். அது எங்கள் ஆசிரியரின் மேசைக்கு வந்துசேர நூறு ஆண்டுகள் போதவில்லை.

அம்மாவுக்கு ஏன் வலிக்கவில்லை என்பதற்கும் ஒரு பதில் இருந்தது. இப்படி ஒருமுறை சேதப்பட்ட தசை ஆறிய பிறகு அதே வேலையை மறுபடி கொடுத்தால், வலியும் சேதமும் முதல்முறையைவிட மிகவும் குறைந்துவிடுகின்றன. ஒரேயொரு தடவை செய்ததன் பாதுகாப்புக்கூடப் பல வாரங்களுக்கு, சிலரில் மாதக்கணக்காக நீடிக்கிறது. நரம்பு வேலையைப் பங்கிடும் விதம் மாறுகிறதா, தசையைச் சுற்றியுள்ள இணைப்பிழையம் தடிக்கிறதா, இழைக்குள்ளேயே புதிய அலகுகள் நீளவாக்கில் சேர்கின்றனவா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. முதுகில் கொழுந்தோடு நாளுக்கு மூன்று தரம் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கிய ஒரு பெண்ணின் தொடைக்கு, சிவனொளிபாதமலை புதிதாகக் கற்பிக்க எதுவும் இருக்கவில்லை.

கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாடு போனேன். இறக்கத்தில் நடக்கும்போது களைக்கும் தசைகளை நரம்பு எப்படி மாற்றி மாற்றி அழைக்கிறது என்பதே தலைப்பு. நடைப்பொறிகளுள் பல ஏற்றத்துக்கு மட்டுமே சாயும் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது. பட்டி எதிர்த்திசையில் ஓடுமாறு மாற்றியமைத்த பிறகே இறக்கம் கிடைத்தது. இறக்கத்துக்காக ஓர் இயந்திரத்தை ஏமாற்ற வேண்டிய நாட்டுக்கு, எங்கு திரும்பினாலும் இறக்கமுள்ள ஊரிலிருந்து ஒருத்தி போயிருக்கிறாள் என்று அன்றிரவு வீட்டுக்கு எழுதினேன். மினெட்டியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2002இல் காட்டியபடி, நடப்பதற்கு மிகக் குறைந்த சக்தி செலவாவது சமதரையில் அல்ல, ஏறத்தாழ 10 விழுக்காடு இறக்கத்தில். அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி கூடத் தொடங்கும். எங்கள் ஊர்க் குறுக்குப்பாதைகளை யார் எந்தக் கணக்கில் வெட்டினார்கள் என்று தெரியாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட அந்த 10 விழுக்காட்டை மதிக்கவில்லை.

ஆய்வுகூட வாழ்க்கையைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு பளபளப்பான கற்பனை இருக்கிறது. உண்மையில் என் நாட்களில் பெரும்பகுதி தோலைத் துடைப்பதிலேயே கழிந்தது. மயிரை மழித்து, தோலின் மேற்படையை இலேசாக உரசி, அற்ககோலால் துடைத்து, காயவிட்டு, இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முழங்காற்சில்லின் வெளிவிளிம்புக்கும் இடையே கோடு போட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் மின்வாய்கள் இரண்டை 20 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு திரையில் தெரிவது தசையின் சமிக்ஞையா, சுவரிலுள்ள மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலா என்று பிரித்தறிய வேண்டும். தசையின் குரல் மில்லிவோல்ட்டுக்கும் குறைவான முணுமுணுப்பு. சுவரின் குரல் திருவிழா ஒலிபெருக்கி.

இரண்டாம் ஆண்டில் பதினொரு பேரின் பதிவுகளை நான் பாழாக்கினேன். முழங்கால் கோணத்தை ஒரு கருவியும் மின்சமிக்ஞையை இன்னொரு கருவியும் பதிந்தன. இரண்டின் நேரத்தையும் ஒன்றாக்கும் கம்பியைப் பிழையான துளையில் செருகிவிட்டு மூன்று மாதம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். எந்தத் துடிப்பு ஏறும்போது வந்தது, எது இறங்கும்போது வந்தது என்பதைப் பிரிக்க வழியே இல்லை. இறக்கத்தை ஆராயப்போனவள் எது இறக்கம் என்று தெரியாமல் நின்றேன். மேற்பார்வையாளர் கோபப்படவில்லை, "மறுபடி அளந்துவிடு" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பு ஒரு முறை எழுந்து நின்று உட்காரச் சொல்லிப் பதிவைச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். என் மாணவர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே எனக்கு உறுத்திய வேறொன்றும் உண்டு. நான் அளந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் இருபது வயது ஆண் மாணவர்கள். பாடப்புத்தகங்களில் "மனிதத் தசை" என்று வரும் இடங்களிலெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் தசைதான் நிற்கிறது. பதினெட்டு வயதிலிருந்து நாள் தவறாமல் சுமையோடு சரிவில் இறங்கிய ஐம்பது வயதுப் பெண்ணின் தொடை அந்தப் பாடப்புத்தகங்களில் எந்த அத்தியாயத்திலும் வராது. நாடு திரும்ப வேண்டும் என்று தீர்மானித்ததற்குத் தேசபக்தி காரணமல்ல. அந்தத் தொடை இங்கேதான் இருந்தது.

விளையாட்டு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதையில் இருப்பதும் ஒரு மலையகத் தமிழனின் உறுப்புத்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரின் பேரன், 1972இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் அவருடைய பந்துகளை நடுவர் எறிதல் என்று அறிவித்தபோது, கண்ணுக்குத் தெரிந்தது ஒன்று, நடந்தது இன்னொன்று. பிறப்பிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை, தோளும் மணிக்கட்டும் சுழலும் விதத்தால், நீளுவதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது என்பதை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அளவீடுகள் காட்டின. 2004இல், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் அவருடைய தூஸ்ரா பந்தும் அங்கே அளக்கப்பட்டது. பந்துவீசும்போது முழங்கை நீளுவதற்கு எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் 15 பாகை என்ற பொது எல்லை 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய உடலைப் பற்றிக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்பை அளவுகோல் திருத்தியது என்பதற்காக இதைச் சொல்கிறேன். 800 விக்கெட்டுகளைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது கிடைத்த ஆய்வுகூடத்தில் ஒரு பிடிவலுமானி, இரண்டு தடம் பதியக்கூடிய ஒரு மின்தசைப் பதிகருவி, ஒரு மரப்படி ஆகியவை இருந்தன. விலையுயர்ந்த முழங்கால் விசைமானிக்கு விண்ணப்பித்தேன். அது எந்த மேசையில் உறங்குகிறதோ. ஒருமுறை ஒட்டினால் வீசிவிட வேண்டிய மின்வாய்கள் 2022இல் இறக்குமதிச் சிக்கலில் கிடைக்காமல் போயின. எஞ்சியிருந்தவற்றைத் தங்கம்போல எண்ணி எண்ணிச் செலவழித்தோம். அந்த மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. மடிக்கணினியிலும் பதிகருவியிலும் மின்கலம் தீரும்வரை வேலை செய்தோம். அப்போது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். சுவரில் மின்சாரமே இல்லாததால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் இல்லை. என் வாழ்நாளில் நான் பதிந்தவற்றுள் மிகத் தெளிவான சமிக்ஞைகள் நாடு இருண்டுகிடந்த அந்த வாரங்களில் பதிந்தவை.

தோட்டத்துப் பெண்களின் தசைவலுவை அளக்க முதன்முதலில் போன நாளைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் எழுத இடம் கிடைக்கவில்லை; அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி, தமிழில் எழுதிய சம்மதப் படிவம், தொடையில் மின்வாய் ஒட்டுவதற்குத் திரைச்சீலை, ஒட்டுவதற்கு ஒரு பெண் உதவியாளர் என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தேன். முதலில் பிடிவலுமானி. முதுமையில் தசை நலிவைக் கண்டறிய ஆசிய ஆய்வாளர் குழு 2019இல் வகுத்த எல்லையின்படி, பிடிவலு பெண்களில் 18 கிலோவுக்கும் ஆண்களில் 28 கிலோவுக்கும் குறைந்தால் கவனிக்க வேண்டும். நானும் எல்லா இடத்திலும் செய்வதுபோல வாசிப்பை உரக்கச் சொல்லி உதவியாளரை எழுதச் சொன்னேன். மூன்றாவது பெண்ணின் வாசிப்பைச் சொன்னதும் பின்னால் நின்றவர்களிடையே பேச்சு எழுந்தது. கடைசியில் ஒருவர் முன்னே வந்து, அம்மாவின் வயதிருக்கும், மரியாதையாகவே கேட்டார்: "டீச்சர், இத வச்சு எங்களுக்குக் கிலோவக் கூட்டுவாங்களா?"

ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கொழுந்து 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் கணக்குக்குள், அது குறைந்தால் அரைப்பேர் விழும் பயத்துக்குள் வாழ்நாளைக் கழித்தவர்களின் முன்னால், அவர்கள் கையின் வலுவைக் கிலோவில் உரக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். என் அம்மாவும் அதே தராசின் முன்னால் நின்றவர். எனக்கு அது முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். கைவலு அதிகம் என்று ஓர் அறிக்கை வந்தால் இன்னும் இரண்டு கிலோ பறிக்கலாமே என்று யாராவது சொல்ல மாட்டார்கள் என்று என்னால் உறுதிதர முடியவில்லை. குறைவு என்று வந்தால் வயதானவர்களை நிறுத்த அது சாட்டாகாது என்றும் சொல்ல முடியவில்லை. அன்று கருவிகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுபடி போக ஏழு மாதம் ஆனது. அதற்குள் சிலவற்றை மாற்றினேன். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் எந்தப் பதிவிலும் இருக்காது. ஒவ்வொருவரின் முடிவும் முதலில் அவர் கைக்கே போகும். அளவீடு தோட்டத்துக்குள் அல்ல, கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமையில் நடக்கும். வாசிப்பு நியூட்டனில் இருக்கும், கிலோவில் அல்ல. இந்த மாற்றங்களால் ஆய்வின் வடிவம் பலவீனப்பட்டதாக ஒரு சஞ்சிகையின் மதிப்பாய்வாளர் எழுதினார். பங்கேற்றோரின் பணியிடம் குறிப்பிடப்படாதது ஏன் என்ற அவருடைய கேள்விக்கு நான் மூன்று பக்கம் பதில் எழுதி, பிறகு அதை ஒரு வரியாகச் சுருக்கி அனுப்பினேன். கட்டுரை நிராகரிக்கப்பட்டது, வேறிடத்தில் முயன்றுகொண்டிருக்கிறோம். பதவியுயர்வுக்கான புள்ளிகளில் இந்த ஏழு மாதத்துக்கு ஒரு கட்டமும் இல்லை என்பதையும் இத்துறைக்கு வர நினைப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படி வர நினைக்கும் மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது, விளையாட்டில் கெட்டித்தனம் வேண்டுமா என்பது. பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் அஞ்சலோட்டத்தில் கோலைத் தவறவிட்டதுதான் என் ஒரே சாதனை. அதைவிடக் கணிதம் வேண்டும், கொஞ்சம் இலத்திரனியல் வேண்டும், சமிக்ஞையை வடிகட்டும் நிரலை எழுதும் பொறுமை வேண்டும். உயிரியல் பிரிவில் படித்ததால் கணிதத்தை விட்டுவிட்டோம் என்று ஒதுங்கியவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை: மலையகப் பிள்ளைகள் மலையில் வளர்ந்தவர்கள்தானே என்று போட்டிக்கு முந்தைய வாரம் புதிதாகச் சரிவில் கீழ்நோக்கி ஓடவிடாதீர்கள். நகரப் பாடசாலை விடுதியில் இரண்டு வருடம் இருந்த பிள்ளையின் தொடை அந்தப் பாதுகாப்பை இழந்திருக்கும். சேதமடைந்த தசை வலி தீர்ந்த பிறகும் சில நாட்கள் முழு வலுவைத் தராது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பே, சிறிய அளவில் தொடங்கினால் அதே சரிவு உதவிக்கு வரும்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இன்று அவருக்கு இருக்கும் முழங்கால் வலி தசைவலி அல்ல, மூட்டின் கசியிழையம் தேய்ந்ததால் வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று வகுப்பில் சொல்வதை வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். தைவானில் உடற்பருமனான முதிய பெண்களை 12 வாரம் படிகளில் இறங்க மட்டும் வைத்தபோது, ஏறிய குழுவைவிட இறங்கிய குழுவில் தசைவலு கூடுதலாக முன்னேறியதாக 2017இல் வெளியான ஆய்வை அவரிடம் சொன்னேன். மேலே எப்படிப் போனார்கள் என்று கேட்டார். மின்தூக்கியில் என்றேன். நெடுநேரம் சிரித்தார்.

போன விடுமுறையில் பதிகருவியை ஊருக்குக் கொண்டுபோயிருந்தேன். அம்மாவின் தொடையில் மின்வாய்களை ஒட்டி, வாசற்படியில் இரண்டு தரம் ஏறி இறங்கச் சொன்னேன். மடிக்கணினித் திரையில் ஏறும்போது அடர்த்தியாக ஒரு புதர்போலவும், இறங்கும்போது அதைவிட மெலிந்தும் கோடுகள் வந்தன. சின்னதாக இருப்பது எது என்று கேட்டார். இறங்கும்போது வந்தது, அப்போது குறைந்த இழைகள்தான் வேலை செய்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் மேலும் பாரம் கூடுதல் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

"பறிச்சதுக்குக் கிலோக் கணக்குல குடுத்தாங்க. தூக்கிக்கிட்டு எறங்குனதுக்கு எந்தக் கணக்கும் இல்ல. அதையும் எழுதிக்க, புள்ள."

எழுதிக்கொண்டேன். இரண்டாவது தரம் இறங்கும்போது அவர் இடதுகாலை முன்னே வைத்தாரா வலதுகாலையா என்று குறிக்க மறந்துவிட்டேன்; அடுத்த விடுமுறையில் மறுபடி அளக்க வேண்டும்.